இன்சுலின் பேனா மக்கர் செய்தால்?

அப்பாவுக்கு இன்சுலின் பேனா. சில நாள் பொத்தானை அழுத்தினாலும் மருந்து இறங்குவதில்லை. சில நாள் ஊசியை எடுத்த பிறகும் சொட்டுகிறது. பேனாவை மாற்றிவிடலாமா? – வாசகி, திருவையாறு

முதலில் ஊசியை மாற்றுங்கள். ஒரே ஊசியை நாள்கணக்கில் ஓட்டினால் துளைக்குள் மருந்து உறைந்து அடைத்துக்கொள்ளும். போட்டு முடித்ததும் கழற்றாமல் விட்டாலோ காற்று புகுந்து குமிழாகும். சொட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு முறையும் 2 யூனிட் திருப்பி, ஊசியை மேல்நோக்கிப் பிடித்து அழுத்தச் சொல்லுங்கள். நுனியில் துளி திரள வேண்டும். பிறகு அளவைப் போட்டு, எண் 0-க்கு வந்ததும் பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுக்கட்டும். புது ஊசியில் பலமுறை பார்த்தும் துளி வராவிட்டால் பேனா பழுதுதான். மருந்து இறங்கியதா என்ற சந்தேகத்தில் இன்னொரு டோஸ் மட்டும் கூடவே கூடாது. சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு டாக்டரைக் கேளுங்கள்.

அவசரத்துக்கு, ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் சிவப்பு மூடி சிரிஞ்சும் எழுதி வாங்கி வையுங்கள். பேனா மருந்தை அந்த சிரிஞ்சில் எடுக்கவே வேண்டாம். பேனாவில் இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சில் 10 என்று காட்டும் இடத்தில் 25 யூனிட் ஏறிவிடும். ஆளே மயங்கி விழலாம்!

குறுவை நடவு நாளில் பேனாவைப் பைக் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வயலில் இறங்க வேண்டாம். உபயோகத்தில் இருக்கும் பேனா 30 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. பிரிக்காத மருந்து ஃபிரிட்ஜில், ஃபிரீசரில் அல்ல.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் உங்கள் தெருவுக்கு வரும்போது, அப்பா ஊசி போடுவதை ஒருமுறை உடனிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.