வெயிலுக்குப் பயந்து காற்றைக் குறைக்கலாமா?

கேள்வி: கோடை விடுமுறையில் குடும்பத்தோடு திருச்சியிலிருந்து நாகர்கோவிலுக்குக் காரில் போகவிருக்கிறோம். பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிப்பவர், “வெயிலில் காற்று விரிந்து டயர் வெடிச்சிடும் சார், 33 வேண்டாம், 28 போதும்” என்கிறார். அவர் சொல்வதைக் கேட்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கேட்காதீர்கள். அவர் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. இந்த நம்பிக்கை சாகாமல் இருப்பதே அதனால்தான். சூடேறினால் டயருக்குள் அழுத்தம் கூடும், சரி. எவ்வளவு கூடும்? 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ வைத்த டயர் ஓடி ஓடி 60 டிகிரிக்குப் போனால், அழுத்தம் 38ஐ ஒட்டி நிற்கும். கார் டயர்களின் பக்கவாட்டில் உச்ச அளவாக 44 அல்லது 51 என்று அச்சிட்டிருப்பது வழக்கம். நல்ல டயர் வெடிக்கும் அளவு அதற்கும் வெகு மேலே. ஓட்டத்தில் ஏறும் இந்த ஐந்து பிஎஸ்ஐயையும் கணக்கில் வைத்துத்தான் கார் நிறுவனம் 33 என்று சொல்கிறது.

டயரைக் கெடுப்பது வெளியே அடிக்கும் வெயிலைவிட உள்ளே பிறக்கும் சூடு. காற்று குறைந்த டயர், சாலையைத் தொடும் இடத்தில் அளவுக்கு மீறி மடங்குகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 15 முறை அப்படி மடங்கி நிமிரும். கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் வளைத்த இடம் சுடுமே, அதே கதைதான். அந்தச் சூட்டில் ரப்பரும் உள்ளிருக்கும் எஃகு இழைகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்குகின்றன. குடும்பமும் பெட்டிகளும் ஏறிய வண்டியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றதே, அவற்றில் பெரும்பகுதி ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. ஃபோர்டு பரிந்துரைத்திருந்த அழுத்தம் 26 பிஎஸ்ஐ. பட்டை உரிந்த சம்பவங்கள் டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற வெப்ப மாநிலங்களில்தான் குவிந்தன. ‘அது தயாரிப்புக் குறைதானே’ என்று கேட்கலாம். குறை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் குறையுள்ள டயரைக்கூட முறித்துக் காட்டியது சூடும் சுமையும் வேகமும் ஒன்றுசேர்ந்த இடம்தான். குறைந்த காற்று அந்தச் சூட்டைக் கூட்டுமே தவிரத் தணிக்காது.

‘இத்தனை வருஷமாக 28தான், ஒன்றும் ஆகவில்லையே’ என்பவர்கள் பெரும்பாலும் ஊருக்குள் நாற்பதில் ஓட்டுபவர்கள். அந்த அனுபவம் நான்குவழிச் சாலைக்குச் செல்லாது. நைட்ரஜன் நிரப்பினால் கவலையில்லை என்பதும் பாதிப் பேச்சே: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன், அழுத்தம் குறைந்தால் இரண்டும் ஒன்றுதான். கண்ணால் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. ரேடியல் டயர் முழுக் காற்றிலும் சற்றுப் பிதுங்கித்தான் தெரியும். எச்சரிக்கை விளக்கை நம்பலாமா? அமெரிக்க விதிப்படி அழுத்தம் 25 சதவீதம் இறங்கிய பிறகு எரிந்தால் போதும். 33 என்பது 25க்கு வந்துவிட்டிருக்கும்.

ஆகவே புறப்படும் காலையில், வண்டி ஓடிச் சூடேறும் முன், சொந்த கேஜால் அளந்துகொள்ளுங்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கென்று தனி அளவு இருந்தால் அதையே வையுங்கள். வழியில் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டினால் காற்றை இறக்கிவிடாதீர்கள். பட்டையின் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேடுகள் பட்டையோடு சமமாகிவிட்டால் அது மொட்டை டயர். பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றால், 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். அந்த எண்ணை ஸ்டெப்னியிலும் பாருங்கள்: பட்டை புதுசாகவே இருக்கும், வயது பத்தைத் தாண்டியிருக்கும்.