கிடாரும் காகிதமும்

பெரம்பூர்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். கச்சேரிக் குழுவில் கிடார் வாசிப்பதை விடப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். பாடுகிறவர் பெயரை மைக்கில் சொல்கிறார்கள், உன் பெயரைச் சொல்வதில்லை என்று வருத்தமாம். நியாயமான வருத்தம்தான். ஆனால் அதற்காகக் குழுவை விடுவது சரியில்லை.

நம்ம ஊருக்குக் கிடார் புதிதல்ல. லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ் ஆங்கிலோ இந்தியர்கள் ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனங்களுக்கு அதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது வந்து சேர்ந்தது ரேடியோ வழியாக. விவித் பாரதியும் இலங்கை வானொலியும் டீக்கடைதோறும் பாடிய காலம் அது. படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். கிடார் யாரென்று சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படி வாசித்தவர்களில் ஒருவர் பண்ணைப்புரத்து இளையராஜா. 1968இல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். இசையமைப்பாளர் சலில் சௌத்ரிக்குக் கிடார் வாசித்தார். இன்னொரு இசையமைப்பாளரான ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். அங்கே வேலை செய்த படங்களில் பாதிக்கு மேல் கன்னடப் படங்கள். 1976இல் அவர் இசையமைத்த முதல் படம் 'அன்னக்கிளி' வந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தார். இத்தனை வருடமும் வாய்ப்புக்காகக் காத்திருந்தார் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அடுத்தவர் செலவில் படித்தார் என்பதுதான் சரி. அன்றைய ஒலிப்பதிவில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. எந்த வாத்தியம் எங்கே நுழைகிறது, எங்கே ஒதுங்குகிறது என்பதை நடுவில் உட்கார்ந்து கேட்டவருக்குத்தான் தெரியும். பின்னாளில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதைத் தானே நொட்டேஷனாக எழுதிக் கொடுத்துவிட்டார். நல்ல வாசிப்பு ஊரில் பலரிடம் இருந்தது. மனதில் கேட்டதை முழுசாகக் காகிதத்தில் இறக்கும் பயிற்சி சிலரிடமே இருந்தது.

எழுதி வைக்காததால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசில் நாட்டு கரோட்டோவைச் சொல்கிறேன். 1915இல் சாவோ பாவ்லோவில் பிறந்தவர். பாஞ்சோ, மாண்டலின், கிடார் என்று கம்பி கட்டிய எதையும் விட்டுவைக்கவில்லை. 1939இல் பாடகி கார்மென் மிராண்டாவின் குழுவோடு அமெரிக்கா போனார். திரும்பி வந்து ரியோவின் ரேடியோ நாசியோனாலில் வாசித்தார். அங்கே அப்போது ரேடியோ நிலையத்துக்கே சொந்த வாத்தியக் குழு இருந்தது. வேலை நேரத்தில் ஜனங்கள் கேட்டதை வாசித்துவிட்டு, தனியே கிடாருக்கென்று அவர் அமைத்தவைதான் அசல் சரக்கு. பின்னால் வந்த போசா நோவா என்ற பிரேசில் இசைப் பாணியின் ஸ்வரச் சேர்க்கைகள் அதில் முன்கூட்டியே இருக்கின்றன. 1955இல், நாற்பது வயதாகுமுன், மாரடைப்பில் போய்விட்டார். அந்தத் தனி கிடார் உருப்படிகள் பெரும்பாலும் அச்சாகியிருக்கவில்லை. ரொனோயல் சிமோயின்ஸ் என்ற கிடார் சேகரிப்பாளர் 1950 வாக்கில் அவரை வாசிக்கவைத்துப் பதிவு செய்திருந்தார். பாவுலோ பெலினாட்டி என்ற கலைஞர் இப்படிக் கிடைத்தவற்றை நொட்டேஷனாக்கி 1991இல் வெளியிட்ட பிறகுதான் உலகம் அவற்றை வாசிக்கிறது. நண்பர் ஒருவருக்குப் பதிவு செய்யத் தோன்றியது அதிர்ஷ்டம். உனக்கு அப்படி ஒரு நண்பர் கிடைப்பார் என்று நம்பி உட்காராதே.

ஒன்று சொல்ல மறந்தேன். பெயர் சொல்லாவிட்டால் போகட்டும். சம்பளம் பேசாமல் மேடை ஏறாதே.

உன் போனில் அரை நிமிஷத் துண்டுகளாக மெட்டுகள் கிடக்கின்றன. ரீல்ஸில் போடு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றையாவது முழுசாக முடித்து, இன்னொருவர் பார்த்து வாசிக்கும்படி எழுது. கச்சேரியை விடாதே. திங்கட்கிழமையே ஸ்டாஃப் நொட்டேஷன் வகுப்பில் சேர்ந்துவிடு. ஃபீஸை மாமா கட்டுகிறேன்.

அன்புடன்,
மாமா