பெட்ரோலும் எத்தனாலும்

பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் என்னுஞ் சாராயத்தைக் கலந்து விற்கும் நிலையை நம் நாடு 2025-ஆம் ஆண்டில் எய்திற்று. அதனால் மோட்டார் வண்டியின் ஓட்டங் குறையுமோவென்னும் ஐயம் பலர்க்கும் எழுந்தமையின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

நம் அண்மையிலுள்ள சிவகாசியில் வெடிமருந்து கூட்டுவோர், கரியுங் கந்தகமும் எரிதற்கு வேண்டிய பிராணவாயுவை வெடியுப்பினின்று பெறுகின்றனர். எத்தனாலும் தன் எடையில் ஏறக்குறைய 35 விழுக்காடு பிராணவாயு உடையதே. ஆயின் அஃது எரிபொருளோடு முன்னரே பிணைந்து கிடத்தலின், எத்தனாலை ஓரளவு எரிந்து முடிந்த பொருளென்றே கூறலாம். ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம் பெட்ரோல் தருவதில் மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே கலவையின் வெப்பம் நூற்றுக்கு ஆறேழு பங்கு குறையும். நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையும் பழைய அமைப்புள்ள கார்களுக்கு இவ்வளவே இழப்புக் கணித்தது. வண்டிக்காரர் முறையீடு வெறுங் கற்பனையன்று.

எனினும் எஞ்சினுள் நிகழும் அகால வெடிப்பை எத்தனால் தடுக்கும். முன்னாளில் அதற்கென ஈயக்கூட்டு இட்டனர். அந்நஞ்சு 2000-ஆம் ஆண்டில் இந்நாட்டில் விலக்கப்பட்டது. எத்தனாலின் இந்நலத்தை முழுதும் நுகர, கலவையை மிக அழுத்தி எரிக்கும் எஞ்சின் வேண்டும். பழைய வண்டிக்காரரோ அந்நலம் பெறாது, குறைந்த வெப்பத்துக்குங் குறையாத விலை கொடுக்கின்றனர். இது முறையன்றென்பது எம் கருத்து. அவர் தம் வண்டியின் ரப்பர்க் குழாய்களை அடிக்கடி நோக்குதல் நன்று. எத்தனாலில் ஊறி அவை நலிதல் கூடும்.