அஞ்சும் மனமும் அருகில் அமர்ந்த குழந்தையும்

அச்சம் மனிதனுக்கு இயற்கை அளித்த காவலாளி. இருட்டில் படி தெரியாத இடத்தில் காலைத் தடுத்து நிறுத்துவதும், கிணற்றங்கரையில் விளையாடும் குழந்தையை நோக்கித் தாயை ஓடச் செய்வதும் அதுவே. ஆனால் அந்தக் காவலாளி சில வேளைகளில் காற்றில் ஆடும் நிழலைக் கள்வன் என்று கருதி வீட்டையே எழுப்பிவிடுகிறான். விமானப் பயணத்தைக் குறித்துப் பலருக்கு உண்டாகும் அச்சம் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. இளமையில் கவலையின்றிப் பறந்தவர்கள் பலர், குழந்தை பிறந்த பிறகு முதன்முறையாக அஞ்சத் தொடங்குகின்றனர். தன் உயிர் ஒன்றே பொறுப்பாக இருந்தவரை எழாத சஞ்சலம், மடியில் ஒரு சிற்றுயிர் அமர்ந்தவுடன் எழுகிறது. ஆகவே இதைக் கோழைத்தனம் என்று இகழ்வது பொருந்தாது. அன்பு பொறுப்பாக மாறும்போது உடன் வரும் நிழல் அது. அந்த நிழலை விரட்ட முயல்வதைவிட, அதோடு எவ்வாறு பயணம் செய்வது என்று கற்றுக்கொள்வதே விவேகம்.

அச்சத்தின் வேர்

விமானத்தில் ஏறியவர் தம் பாதுகாப்பை முற்றிலும் பிறர் கையில் ஒப்படைக்கிறார். விமானியின் முகம் தெரிவதில்லை. வெளியே நடப்பது புரிவதில்லை. வேண்டிய இடத்தில் இறங்கவும் இயலாது. இவற்றோடு செய்திகளின் நினைவும் சேர்ந்துகொள்கிறது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில், புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் பயணிகள் விமானம் ஒன்று விழுந்தது. அதில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். அக்காட்சிகளைக் கண்ட பெற்றோர் அடுத்த பயணத்தில் நெஞ்சம் நடுங்கினால் அதில் குறை காண எதுவும் இல்லை.

எனினும் மனம் ஆபத்தை எண்ணிக்கையால் அளப்பதில்லை என்பதையும் அறிய வேண்டும். மத்திய அரசின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர்; சராசரியாக நாளொன்றுக்கு 460க்கும் மேல். ஆயினும் மறுநாள் காலையில் குழந்தையை இருசக்கர வாகனத்தின் முன்புறம் நிற்கவைத்துப் பள்ளிக்குக் கொண்டுசெல்லும் தந்தையின் நெஞ்சு படபடப்பதில்லை. பழகியது பாதுகாப்பானதாகவும், பழகாதது ஆபத்தானதாகவும் மனத்துக்குத் தோன்றுகிறது.

இந்தக் கணக்கை அறிந்தவுடன் அச்சம் ஓடிவிடும் என்று எண்ணக்கூடாது. மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பு வடிவில் ‘அமிக்டலா’ என்னும் சிறு பகுதி உள்ளது. அறிவு ஆராய்ந்து முடிப்பதற்குள் அது அபாய மணியை அடித்துவிடும். இதயம் விரைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு மேலெழுகிறது. இவை உடலைக் காக்க எழும் ஏற்பாடுகளே. இவை உச்சத்தை எட்டி, சிறிது நேரத்தில் தாமே தணியும் இயல்புடையவை.

ஆனால் தணியும்வரை பொறுக்காமல் ஒதுங்கிக்கொண்டால் அச்சம் வளர்கிறது. சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகருக்கு விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் செல்லலாம். கப்பலில் சுமார் மூன்று நாட்கள் ஆகும். கடற்பயணத்தை விரும்பிக் கப்பலில் செல்வது நல்லது. விமானத்துக்கு அஞ்சியே கப்பலைத் தேடினால், ‘தப்பித்தேன்’ என்னும் நிம்மதியை மனம் ஒரு சான்றாகப் பதிவு செய்துகொள்கிறது. அடுத்த முறை அச்சம் இன்னும் உரத்த குரலில் பேசுகிறது. வீட்டுக் குழந்தைகளும் அக்குரலைக் கேட்டே வளர்கின்றனர்.

முகமே முதல் பாடம்

குழந்தைகள் அச்சத்தை எங்கிருந்து கற்கின்றனர்? 1985ஆம் ஆண்டில் சோர்ஸ், காம்போஸ் முதலிய அமெரிக்க உளவியல் அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. கண்ணாடி பரப்பிய மேசையின் நடுவில், கீழே சிறு பள்ளம் இருப்பதுபோல் தோன்றும்படி அமைத்தனர். ஒரு வயதுக் குழந்தையை ஒரு முனையில் விட்டு, மறுமுனையில் தாயை நிற்கச் செய்தனர். பள்ளத்தின் விளிம்புக்கு வந்த குழந்தை ஐயுற்று நின்று தாயின் முகத்தைப் பார்த்தது. தாய் மலர்ந்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தனர். தாய் அஞ்சிய முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

விமானம் குலுங்கும்போதும் இதுவே நிகழ்கிறது. குலுக்கத்தின் பொருள் குழந்தைக்குத் தெரியாது. ஊஞ்சலா, ஆபத்தா என்று அறிய அது பெற்றோரின் முகத்தையே பார்க்கிறது.

அப்படியானால் அச்சத்தை மறைத்துச் சிரிக்க வேண்டுமா? அதுவும் முழுமையாகப் பயன்தராது. உதடு சிரித்தாலும் குழந்தையின் கையைப் பற்றிய விரல்கள் இறுகியிருந்தால், குழந்தை விரல்களையே நம்பும். பேசத் தெரிந்த குழந்தையிடம் உண்மையைச் சிறிய அளவில், அமைதியான குரலில் சொல்வதே நல்வழி. “அம்மாவுக்குக் கொஞ்சம் படபடப்பா இருக்கு. மெதுவா மூச்சு விட்டா சரியாகிடும். நீயும் கூடச் செய்யறியா?” என்று ஒரு தாய் கேட்டால், குழந்தை இரண்டு பாடங்களைக் கற்கிறது. அச்சம் எவருக்கும் வரலாம் என்பது ஒன்று. வந்தால் செய்வதற்கு வழி உண்டு என்பது மற்றொன்று. அஞ்சாத பெற்றோரால் இந்த இரண்டாம் பாடத்தைக் கற்பிக்கவே முடியாது.

அறிவு தரும் துணிவு

அறியாத ஓசை அச்சத்துக்கு உணவு. விமானத்தில் எழும் ஓசைகளை முன்பே அறிந்திருப்பவருக்கு அவை வழித்துணையாகின்றன.

தரையை விட்டு எழுந்தவுடன் காலடியில் ‘தட்’ என்று கேட்பது சக்கரங்கள் உள்ளே மடங்கும் ஓசை. சிறிது நேரத்தில் இயந்திர ஒலி குறைந்து, விமானம் கீழே இறங்குவதுபோல் தோன்றும். மேலெழுவதற்குத் தேவைப்பட்ட பெருவிசையை விமானி குறைக்கிறார். வேகம் கூடும் விதம் மாறியதை உட்செவி ‘இறக்கம்’ என்று தவறாகப் படிக்கிறது. உண்மையில் விமானம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். இடையிடையே கேட்கும் மணியோசை பெரும்பாலும் பணியாளர்கள் ஒருவரையொருவர் அழைப்பது. தரை தொட்டவுடன் எழும் பேரிரைச்சல், வேகத்தைக் குறைக்க இயந்திரத்தின் விசையை முன்னோக்கித் திருப்புவதால் உண்டாவது.

குலுக்கம் என்பது காற்றின் சீரற்ற ஓட்டம். மழைக்கால மேகங்களின் அருகிலும் மலைகளின் மேலும் அது மிகுதி. பயணிகள் விமானத்தின் கட்டமைப்பு, பயன்பாட்டில் எதிர்பார்க்கப்படும் மிக உயர்ந்த சுமையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கும் என்று நிறுவப்பட்ட பின்னரே பறக்க அனுமதி பெறுகிறது. இறக்கைகள் வளைவது பலவீனத்தின் அடையாளம் அன்று. காற்றில் மூங்கில் வளைவதைப் போல, முறியாமல் இருக்கவே அவை வளைகின்றன.

உயரமே பலரை நடுங்கச் செய்கிறது. விமானிக்கோ உயரம் என்பது கால அவகாசம். 2001 ஆகஸ்டில் அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் ஒரு பெரிய விமானம் எரிபொருள் கசிந்து இரு இயந்திரங்களையும் இழந்தது. உயரத்தில் இருந்ததால் அது சுமார் 120 கி.மீ. தூரம் சறுக்கிச் சென்று, அசோர்ஸ் தீவுகளில் இறங்கியது. 306 பேரும் உயிர் பிழைத்தனர்.

மூச்சு என்னும் கடிவாளம்

இதயத் துடிப்பை நேராக ஆணையிட்டுக் குறைக்க இயலாது. மூச்சை இயக்க இயலும். வெளிமூச்சு நீளும்போது இதயம் சற்று மெதுவாகத் துடிக்கும் வகையில் உடல் அமைந்துள்ளது. நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுவது எளிய பயிற்சி. சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல் செய்யச் சொன்னால், மூன்று வயதுக் குழந்தையும் இதை விளையாட்டாகவே கற்றுக்கொள்ளும்.

இப்பயிற்சியை விமானத்தில் தொடங்குவது பயன் தராது. வெள்ளம் வந்தபின் நீச்சல் கற்க இயலாது. பயணத்துக்கு இரு வாரங்களுக்கு முன்பிருந்தே நாள்தோறும் உறங்கும் முன் ஐந்து நிமிடம் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பழக வேண்டும். வீட்டில் வழக்கமாகச் சொல்லும் துதியோ பாட்டோ இருந்தால் அதையும் உடன் கொண்டுசெல்லலாம். பழகிய சொற்கள் பழகாத இடத்தையும் வீடாக்கும்.

அச்சம் மிகக் கடுமையாக இருப்போர் மனநல மருத்துவரை நாடத் தயங்கக்கூடாது. படிப்படியாக அச்சத்தை எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சை நல்ல பயன் தருகிறது. மதுவை நாடுவதும், மருத்துவர் சொல்லாத தூக்க மாத்திரையை உட்கொள்வதும், குழந்தையைத் தூங்கவைக்கச் சளி மருந்து கொடுப்பதும் தவறான வழிகள். குழந்தையுடன் செல்பவர் விழிப்போடு இருப்பது இன்றியமையாதது.

குழந்தையைத் தயார் செய்தல்

நாற்காலிகளை வரிசையாக வைத்து வீட்டிலேயே விமான விளையாட்டு விளையாடலாம். பையைச் சோதனையிடுதல், வார்ப்பட்டை அணிதல், சக்கர ஓசைக்குக் கைதட்டுதல் என்று ஒவ்வொன்றாகப் பழக்கினால், பயணத்தன்று குழந்தை தான் அறிந்த ஒன்றையே காண்கிறது. ஓசைகளைக் குழந்தைக்கு விளக்க முற்படும் பெற்றோரின் மனமும் அதனால் தெளிவடைகிறது.

பறக்கும்போது விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம், ஏறத்தாழ உதகமண்டலம், சிம்லா போன்ற மலையூர்களில் உள்ள அளவில் இருக்கும். இறங்கும்போது அழுத்தம் கூடுவதால் காது வலிக்கிறது. குழந்தைகளுக்குக் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குறுகலாக இருப்பதால் வலி மிகுதி. விழுங்கும்போது அக்குழாய் திறக்கும். தரையிறங்குவதற்கு அரை மணி முன்பே இறக்கம் தொடங்கிவிடும்; அப்போது கைக்குழந்தைக்குப் பாலூட்டுவதும், சற்றுப் பெரிய குழந்தைக்கு நீரைச் சிறு மிடறுகளாகக் கொடுப்பதும் நலம். கடும் சளியோ காதுவலியோ இருந்தால் முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். காரணம் அறிந்த தாய்க்குக் குழந்தையின் அழுகை பேரச்சமாகத் தோன்றாது. அழுவதும் காதைத் திறக்க உதவும் என்பதால், சுற்றியிருப்போரின் பார்வைக்குக் கூசவும் தேவையில்லை.

12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, ஒரே முன்பதிவில் வரும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவருக்கு அருகிலேயே இடம் தர வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024இல் விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இதை அறிந்திருந்தால் ஒரு கவலை குறையும். மடியில் அமரும் கைக்குழந்தைக்குப் பணியாளர் தரும் தனிச் சிறு வார்ப்பட்டையைக் கேட்டு அணிவிக்க வேண்டும். பெரியவரின் பட்டைக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டுவது ஆபத்து. குலுக்கத்தில் காயமுறுவோர் பெரும்பாலும் பட்டை அணியாதவர்களே. ஆகவே அச்சம் தன்னை ஏதேனும் செய்யச் சொல்லித் தூண்டும்போது, செய்யத்தக்க உண்மையான செயல் பட்டையைச் சரிபார்ப்பதுதான்.

“விமானம் விழுமா?”

செய்தி கேட்ட பிள்ளைகள் இக்கேள்வியைக் கேட்கவே செய்வர். “அப்படியெல்லாம் பேசாதே” என்று வாயடைத்தால், கேள்வி மனத்துக்குள் பெரிதாகும். “விழவே விழாது” என்பது உண்மையாகாது. பின்னர் உண்மை தெரியும்போது பெற்றோரின் சொல் மதிப்பிழக்கும். “எப்போதாவது மிக அரிதாக நடந்திருக்கு. அப்படி நடக்காம இருக்க விமானியும், பொறியாளர்களும், கீழே இருந்து வழிகாட்டுறவங்களும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கறாங்க. நான் உன் பக்கத்திலேயே இருப்பேன்” என்பது உண்மையும் ஆறுதலும் கலந்த விடை. குழந்தை கேட்ட அளவுக்கே விடை போதும். அதற்குமேல் விரிப்பது பெரும்பாலும் பெரியவரின் அச்சத்துக்கே இடம் கொடுப்பதாகும்.

முதலில் பெரியவருக்கு

புறப்படும் முன் பணியாளர் ஒரு விதியைச் சொல்வார்: பிராணவாயு முகமூடி கீழே இறங்கினால், பெரியவர் முதலில் தாம் அணிந்து, பிறகு குழந்தைக்கு அணிவிக்க வேண்டும். தாயின் உள்ளத்துக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். 35,000 அடி உயரத்தில் உள்ளே அழுத்தம் குறைந்தால், ஒருவர் தெளிவாகச் செயல்படக் கிடைப்பது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரையே. அதற்குள் தாய் மயங்கினால் குழந்தைக்கு உதவ யாரும் இல்லை. தாய் விழிப்போடு இருந்தால் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம்.

மன அமைதிக்கும் இவ்விதி பொருந்தும். தன் மூச்சைச் சீராக்கிக்கொள்ளப் பெற்றோர் எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு நிமிடம் தன்னலமாகாது. குழந்தை அடுத்துப் பார்க்கப்போகும் முகம் அந்த நிமிடத்தில்தான் உருவாகிறது.

குடும்பத்தோடு பயில்வதற்கு

1. பயணத்துக்கு முன்: எதை நினைத்து அச்சம் எழுகிறது என்று ஒரு தாளில் எழுதுக. ஒவ்வொன்றின் எதிரிலும், அது ஓசையா, நினைவா, உண்மையான ஆபத்தா என்று குறித்துக்கொள்க.

2. பயணத்தின்போது: அச்சம் எழும் நேரத்தையும் தணியும் நேரத்தையும் கடிகாரத்தில் பார்த்துக் குறிக்க. அது தணிந்தது என்பதற்குச் சொந்தச் சான்று கிடைக்கும்.

3. பயணத்துக்குப் பின்: “எப்போது பயமா இருந்தது? அப்போது என்ன செய்தோம்?” என்று பிள்ளைகளோடு பேசுக. “பயமே இல்லை” என்று சொன்ன பிள்ளையை விட, “பயமாக இருந்தது, ஊதி ஊதி மூச்சு விட்டேன்” என்று சொன்ன பிள்ளையை அதிகம் பாராட்டுக.

அந்தப் பிள்ளை நாளை தேர்வறைக்கும் மருத்துவமனைக்கும் புதிய ஊருக்கும் தனியே செல்லும். விமானத்தில் பெற்றோரின் அருகில் அமர்ந்து கற்ற மூச்சு அங்கும் அதனுடன் இருக்கும்.