வில்லங்கம் இல்லை என்றால் சிக்கல் இல்லையா?

வேலூரில் வீடு வாங்குவது இன்று போட்டியான காரியம். சி.எம்.சி. மருத்துவமனையும் வி.ஐ.டி. பல்கலைக்கழகமும் வெளியூர்க்காரர்களை ஆண்டு முழுவதும் அழைத்து வருகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தோல் தொழிலில் சம்பாதித்த பணமும் வளைகுடாவிலிருந்து வரும் பணமும் மனையாகவும் வீடாகவும் மாறுகின்றன. "காலையிலேயே ஒரு பார்ட்டி வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க" என்று புரோக்கர் சொன்ன நிமிடத்தில் கை தானாக அட்வான்ஸ் பணத்தைத் தேடுகிறது. அந்த நேரத்தில் நமக்குத் துணை நிற்பதாக நாம் நினைக்கும் சில நம்பிக்கைகளைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம்.

நம்பிக்கை: "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு."

உண்மை: வில்லங்கச் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதை மட்டுமே காட்டும். பதிவாகாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வாரிசுகளுக்குள் பிரிக்கப்படாத பங்கு எதுவும் அதில் வராது.

தோல் தொழில் பகுதியில் இதற்குக் கூடுதலாக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இஸ்லாமியக் குடும்பங்களில் வழங்கும் வாய்மொழி தானம், அதாவது ஹிபா. கொடுப்பவர் அறிவித்து, பெறுபவர் ஏற்று, சொத்தும் கைமாறிவிட்டால் அது செல்லும். பின்னால் அதை எழுதி வைத்திருந்தாலும் பதிவு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஹஃபீஸா பீபி வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே தகப்பனார் பெயரிலேயே பத்திரம் இருக்கும். வீடோ பத்து வருடத்துக்கு முன்பே மகளுக்குச் சொந்தமாகியிருக்கும். வில்லங்கச் சான்று இரண்டையும் பிரித்துக் காட்டாது. வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த உரிமையில் இருக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேட்பதுதான் வழி.

இரண்டாவது, தொழிலுக்காக வாங்கிய கடன். கம்பெனி நடத்தும் குடும்பத்தில் வீட்டுப் பத்திரம் வங்கியில் அடமானமாக இருப்பது சாதாரணம், அது வில்லங்கத்தில் எப்போதும் தெரிவதில்லை. "மூலப்பத்திரம் எங்கே?" என்று கேட்டு, ஜெராக்ஸ் காட்டினால் அங்கேயே நில்லுங்கள். அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்தில் அந்தச் சொத்தின் மீது வங்கிக் கடன் பதிவாகியிருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் சிறு கட்டணம் கட்டித் தேடலாம். வாங்குபவர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

தேடும் விதத்திலும் கவனம் வேண்டும். சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் புதிய எண்ணை மட்டும் கொடுத்துத் தேடுபவருக்குப் பழைய எண்ணில் நடந்த பரிமாற்றம் கிடைக்காது. 112/1ஏ2 என்று இன்று இருப்பது முன்பு 112/1ஏ, அதற்கும் முன்பு வெறும் 112/1 ஆக இருந்திருக்கலாம். மூன்றையும் போட்டு, குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள்.

நம்பிக்கை: "பட்டா இருக்கு, அப்புறம் என்ன?"

உண்மை: பட்டா வருவாய்த்துறையின் பதிவு, உரிமையை உண்டாக்கும் பத்திரம் அல்ல. 2025 ஏப்ரலில் அணைக்கட்டு அருகே காட்டுக்கொல்லையில் சுமார் 150 குடும்பங்களுக்கு, அவர்கள் இருக்கும் நிலம் தர்காவுக்குச் சொந்தம் என்று நோட்டீஸ் வந்தது. தலைமுறைகளாக அங்கே வசிப்பதாகச் சொன்னவர்கள் அவர்கள். யார் சொல்வது சரி என்பது வேறு விஷயம். வக்ஃபு, கோயில், பஞ்சமி, நீர்நிலைப் புறம்போக்கு ஆகிய நான்கையும் பட்டாவைத் தாண்டித் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். 2019 நவம்பர் வரை ஆம்பூரும் ராணிப்பேட்டையும் வேலூர் மாவட்டத்தில் இருந்தவை. எனவே பழைய கோப்பு எந்த அலுவலகத்தில் கிடக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனை வாங்குபவர்களுக்கு இன்னொன்று. அங்கீகாரமில்லாத மனை, 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவாகியிருந்தால் மறுபடி கிரயம் ஆகும். வரன்முறை செய்யாமல் கட்டட அனுமதி கிடைக்காது. பதிவு வேறு, அனுமதி வேறு.

நம்பிக்கை: "போர் போட்டா தண்ணி வரும், குடிக்க ஆர்.ஓ. வெச்சுக்கலாம்."

உண்மை: இந்தப் பகுதியில் வீட்டின் விலையை உண்மையில் தீர்மானிக்க வேண்டியது தண்ணீர். பாலாற்றில் கலந்த தோல் கழிவைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. 2025 ஜனவரியிலும் அதே கழிவுக்காக இழப்பீடு கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. கிரய விலை பேசும்போது இதையெல்லாம் ஒருவரும் பேசுவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

பார்க்கப் போகும் வீட்டில் முதலில் குளியலறைக்குள் போங்கள். குழாய் மூக்கில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கிறதா? கையில் சோப்பு போட்டால் நன்றாக நுரைக்கிறதா? வெளியே வந்து சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து, புதுப் பெயிண்ட் கொப்பளித்திருந்தால் காரணம் கேளுங்கள். பிறகு ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கையடக்க டிடிஎஸ் மீட்டர் உப்பை மட்டும் காட்டும், குரோமியத்தைக் காட்டாது. ஆகவே அதைப் பெயர் சொல்லித் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் இணைப்பு அந்தத் தெருவில் இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். அவர் சொல்வது சரியாக இருக்கும்.

நம்பிக்கை: "கைடுலைன் வேல்யூவுக்குப் பத்திரம் போட்டா ரெண்டு பேருக்கும் லாபம்."

உண்மை: கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடு 60 லட்சம், வழிகாட்டி மதிப்பு 35 லட்சம் என்று வையுங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 ஆக 9 சதவீதம். 25 லட்சத்தை மறைத்தால் மிச்சம் 2,25,000 ரூபாய். நாளை அதே வீட்டை நீங்கள் விற்கும்போது அந்த 25 லட்சமும் உங்கள் லாபமாகக் கணக்காகும். 12.5 சதவீத வரி என்றால் 3,12,500 ரூபாய். வங்கி பத்திர மதிப்பைப் பார்த்துத்தான் கடன் தரும். கிரயம் முறிந்தால் ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சாட்சி இல்லை. விற்பவருக்கும் ஆபத்து உண்டு. சொத்துக்காக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது.

நம்பிக்கை: "அண்ணன் துபாயில் இருக்கார், பவர் கொடுத்திருக்கார், முடிச்சிடலாம்."

உண்மை: பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் பொதுவாக அது செல்லும். வெளிநாட்டில் எழுதிய பவர், இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட்டிருக்க வேண்டும். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத வரிப் பிடித்தம் என்பது இந்தியாவில் வசிக்கும் விற்பனையாளருக்கான கணக்கு. வெளிநாடுவாழ் இந்தியர் விற்றால் அந்த வரம்பே கிடையாது. நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதமும் அதற்கு மேல் செஸும் வாங்குபவர்தான் பிடித்துக் கட்ட வேண்டும். பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை தேடி வருவது வாங்கியவரை.

நம்பிக்கை: "போட்டி இருக்கும்போது பேப்பர் பார்த்துக்கிட்டிருந்தா வீடு போயிடும்."

உண்மை: வங்கியின் கடன் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பவர் கொஞ்சம் குறைவாகக் கேட்டாலும் விற்பவர் அவரையே விரும்புவார். முன்பணத்தைச் சிறியதாகக் கொடுத்து, பத்திரத்தில் குறை இருந்தால் முழுதும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவும் செய்யுங்கள். அப்போதுதான் அடுத்து வருபவரின் வில்லங்கச் சான்றில் அது தெரியும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: விளம்பரத்துக்கு முன்பே பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றி, வங்கியிலிருந்து அசல் பத்திரத்தை மீட்டு வைத்துவிடுங்கள். அப்பா காலத்துச் சொத்து என்றால் வாரிசுச் சான்றோடு அக்கா தங்கைகளிடம் முதலிலேயே பேசுங்கள். அவர்கள் பங்கு அவர்களுடையது. விலை முடிந்த பிறகு கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டால் பல வீடுகளில் கிரயம் அங்கேதான் நின்றுபோகிறது.