இணையக் கருவிகளுக்கும் பூட்டு வேண்டும்

பனமலை ஏரியை நம்பிப் பயிரிடும் அங்கத்தினர்களுக்கு நாம் ஓர் உண்மையை விளக்கத் தேவையில்லை. கரையில் ஓரிடத்தில் கசிவு கண்டால், கேடு அவ்விடத்தோடு நிற்பதில்லை. ஆயக்கட்டு முழுவதையும் சாரும். இணையத்தோடு பிணைத்த கருவிகளின் இயல்பும் இதுவே.

இன்று நூற்கிடங்கிற்குக் கண்காணிப்புக் காமிராவும், கிணற்று மோட்டாருக்குக் கைப்பேசியால் இயங்கும் ஸ்டார்ட்டரும் வந்துள்ளன. இவை உழைப்பைக் குறைப்பன. வேண்டாமென நாம் கூறோம். ஆயின், தொலைவிலிருந்து நாம் அணுகக்கூடிய கருவியைப் பிறரும் அணுகக்கூடும் என்பதை மறத்தலாகாது.

கருவி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதற்கொரு கடவுச்சொல் இடப்பட்டிருக்கும். பெரும்பாலும் அவ்வகைக் கருவிகள் அனைத்திற்கும் அச்சொல் ஒன்றேயாகும். ஆயிரம் பூட்டுகளுக்கு ஒரே சாவி இருப்பின் பூட்டியும் பயனென்ன? 2016-ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீநிரல், இத்தகைய பொதுச் சாவிகள் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவற்றை மாறி மாறி முயன்றே, உலகெங்கும் இலட்சக்கணக்கான காமிராக்களையும் ரௌட்டர்களையும் வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21-இல் அவ்வாறு வசப்பட்ட கருவிகளைக் கொண்டு 'டைன்' என்ற அமெரிக்க நிறுவனம் தாக்கப்பட்டது. புகழ்பெற்ற பல இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின.

கூட்டுறவுத் துறையும் இத்தகைய இன்னலுக்கு விலக்கன்று. 1906-இல் தோன்றிய புனே காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில், 2018 ஆகஸ்டில், ஏ.டி.எம். இயந்திரங்களுக்கு விடையளிக்கும் அமைப்பினுள் தீநிரல் புகுத்தப்பட்டது. போலி அட்டைகளால் 28 நாடுகளில் பணம் எடுக்கப்பட்டது. ஹாங்காங்கிற்கு மாற்றப்பட்ட தொகையும் சேர்ந்து, இழப்பு சுமார் 94 கோடி ரூபாய்.

ஆகவே, பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்:

1. கருவியைப் பொருத்தும் நாளிலேயே கடவுச்சொல்லை மாற்றுக. பொறுப்பாளர் மாறும்போதும் அவ்வாறே செய்க.

2. ஸ்டார்ட்டரில், உரியவர்களின் கைப்பேசி எண்களை மட்டும் பதிவு செய்க.

3. கணக்கெழுதும் கணினியையும் காமிராவையும் ஒரே இணைப்பில் வையாதீர்கள்.

4. தயாரிப்பாளர் அளிக்கும் புதுப்பிப்புகளைத் தவறாது ஏற்றுக.

5. கணக்கின் நகலொன்றை இணையத்தோடு சேராத வட்டில் வைத்திருங்கள்.

6. இணைய மோசடியால் பணம் பறிபோயின் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கு அறிவியுங்கள்.

சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில் தறியும் தராசும் இடம்பெறுவது போல் இக்கருவிகளும் இடம்பெறல் வேண்டும். எதிரே பொறுப்பாளர் பெயரையும், கடவுச்சொல் மாற்றிய தேதியையும் எழுதுக. கடவுச்சொல்லை மட்டும் எழுதற்க. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக நிறைவேற்றலாம். இதற்குச் செலவு ஒரு காசுமில்லை. காக்கப்படுவதோ அங்கத்தினர் அனைவரின் பொதுச்சொத்து.