மொட்டை மாடியில் ஹாட் டப்

பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டியதும் தனி வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. மொட்டை மாடியில் ஒரு ஹாட் டப் (வெந்நீர்த் தொட்டி), எதிரே செம்பரம்பாக்கம் ஏரி என்று ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் கடையில் பேச்செல்லாம் எத்தனை ஜெட், என்ன நிற விளக்கு என்பதிலேயே முடிந்துவிடுகிறது. வாங்குமுன் சரிபார்க்க வேண்டிய சில நம்பிக்கைகள் இதோ.

நம்பிக்கை: ஆயிரம் லிட்டர் டேங்கைத் தாங்கும் மாடி இதைத் தாங்காதா?

டேங்க் பெரும்பாலும் படிக்கட்டு அறையின் மேல், சுவரையோ பீமையோ ஒட்டி உட்கார்ந்திருக்கும். டப்பையோ காட்சிக்காக மாடியின் நடுவில் வைக்கச் சொல்வோம். நான்கு பேர் அமரும் டப்பில் தண்ணீர் மட்டும் சுமார் ஒரு டன். டப்பின் எடை, ஆட்களின் எடை சேர்ந்தால் ஒன்றரை டன்னை நெருங்கும். அது நான்கு சதுர மீட்டரில் இறங்கினால் சதுர மீட்டருக்கு 375 கிலோ. ஆள் புழங்கும் மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் கணக்கு சுமார் 150 கிலோதான். கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தரைத்தளத்தில் கான்கிரீட் மேடை போட்டு வைப்பதே என் கட்சி.

நம்பிக்கை: பக்கத்திலேயே ஏரி, தண்ணீருக்கு என்ன பஞ்சம்?

2019 கோடையில் அந்த ஏரியே வறண்டு கிடந்தது. இருக்கும்போதும் ஏரித் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் வழியாகச் சென்னைக்குப் போகிறது. கரையோர வீடுகள் பலவற்றுக்கு போர்வெல்லும் லாரியும்தான் கதி. போர்வெல் தண்ணீர் கடின நீராக இருந்தால் அதிலுள்ள உப்பு ஹீட்டரில் வெள்ளையாகப் படிந்து அதைத் தின்றுவிடும். முதலில் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதியுங்கள், பிறகு மாடலைப் பாருங்கள்.

நம்பிக்கை: சூட்டில் கிருமி செத்துவிடும்.

இதுதான் ஆபத்தான நம்பிக்கை. டப்பின் 38, 40 டிகிரி லெஜியோனெல்லா பாக்டீரியாவுக்குச் சுகமான சூடு. 1999-ல் நெதர்லாந்தின் போவென்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில் பார்வைக்காக ஒரு டப்பை ஓடவிட்டிருந்தார்கள். அதிலிருந்து இந்தக் கிருமியோடு பறந்த நுண்துளிகளைச் சுவாசித்தே ஏறக்குறைய 200 பேர் நோயில் விழுந்தார்கள். 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் டப்பில் இறங்கிக் குளிக்கக்கூட இல்லை! குளோரின் அல்லது புரோமின் அளவை சோதனைப் பட்டையால் அடிக்கடி பார்ப்பதும், ஃபில்டரைக் கழுவுவதும் வீட்டில் யார் வேலை என்று வாங்குமுன்பே முடிவாக வேண்டும். வெந்நீரிலும் நம் வெயிலிலும் குளோரின் சீக்கிரம் போய்விடும்.

நம்பிக்கை: பெரிய ஹீட்டர்தான் முக்கியம்.

நம் ஊரிலா? ஆயிரம் லிட்டரைப் பத்து டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 12 யூனிட் போதும். மே மாதத்தில் மாடித் தண்ணீர் தானாகவே கொதிக்கிறது. அந்தக் காசை நல்ல மூடிக்கும், எர்த்துக்கும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்கும் போடலாம்.

நம்பிக்கை: வெந்நீர் எல்லாருக்கும் நல்லது.

ஹாட் டப்புக்குப் பேர்போன ஜக்குஸி குடும்பத்தார் தொட்டிக்கான பம்பை உருவாக்கியதே மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட மகனுக்காகத்தான். ஆனால் கர்ப்பிணிகளும், இதய நோயாளிகளும், சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. யாருக்கானாலும் 40 டிகிரிதான் எல்லை. குடித்துவிட்டு இறங்கவே கூடாது.

டப்பைக் காலி செய்யும் நாளில் தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழியில் விட்டுவிடாதீர்கள். அந்த அழுக்கும் மருந்தும் உங்கள் போர்வெல்லுக்கே திரும்பி வரலாம்.